கம்பியில்லாத கேம் கன்ட்ரோலரைக் கணினியில் இணைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆனி மாதச் சாரலில் நனைந்த ஒரு பாலித்தீன் பையோடு அக்காள் மகன் புனலூர் பஸ்ஸிலிருந்து செங்கோட்டையில் இறங்கினான். பைக்குள் ஒரு பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர். வளைகுடாவில் வேலை பார்க்கும் அவன் சித்தப்பா விடுமுறைக்கு வந்தபோது கொடுத்தது. விளையாட்டை ஓட்டும் பெட்டியான கன்சோல் அங்கேயே இருக்கிறது, கன்ட்ரோலர் மட்டும் கடல் தாண்டிவிட்டது. "மாமா, உங்கள் கம்ப்யூட்டரில் இது ஓடுமா?" என்று கேட்டான். ஓடும் என்றேன். பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது.

கணினி பழுதுபார்ப்பதே என் பிழைப்பு. இருந்தும் அன்று தடுமாறியதற்குக் காரணம், இரண்டு வேலைகளை ஒன்றென்று நினைத்ததுதான். கன்ட்ரோலரும் கணினியும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்வது ஒரு வேலை. கன்ட்ரோலர் சொல்வது விளையாட்டுக்குப் புரிவது வேறு வேலை. முதலாவது முடிந்தால் திரையில் 'கனெக்டட்' என்று வந்துவிடும். அதைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று விளையாட்டைத் திறந்தால் எந்தப் பொத்தானும் எடுபடாது.

எங்கள் ஊரில் இதை ரயில் பாதையை வைத்துச் சொன்னால் போதும். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே ஓடிய மீட்டர் கேஜ் ரயில் 2010இல் நின்றது. அகலப் பாதையில் மறுபடி ரயில் ஓட 2018 ஆகிவிட்டது. நடுவில் இருந்த வருடங்களில் மலையைத் தாண்ட பஸ்தான் கதி. 1,000 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் 1,676 மில்லிமீட்டருக்குச் செய்த பெட்டி ஓடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ப்ளூடூத் இணைப்பு என்பது தண்டவாளம் போடுவது. கேஜ் பொருந்துகிறதா என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

கையில் இருப்பது எது?

பாதிப் பேர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கணினியைத் தொடுவதற்கு முன் கன்ட்ரோலரைத் திருப்பிப் பாருங்கள்.

பிளேஸ்டேஷன் குடும்பத்தில் சிக்கல் குறைவு. 2013இல் பிளேஸ்டேஷன் 4 கூட வந்த டூயல்ஷாக் 4, 2020இல் பிளேஸ்டேஷன் 5 கூட வந்த டூயல்சென்ஸ் இரண்டிலும் ப்ளூடூத் உண்டு. முன்னதற்கு மைக்ரோ யுஎஸ்பி கேபிள், பின்னதற்கு டைப்-சி. பிளேஸ்டேஷன் 3 காலத்து டூயல்ஷாக் 3 வைத்திருப்பவர்கள் விண்டோஸில் அதற்கென்று தனி டிரைவர் (கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) தேடி நிறுவ வேண்டியிருக்கும். அதில் செலவிடும் நேரத்துக்கு வேறு ஒன்று வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

குழப்பம் எல்லாம் எக்ஸ்பாக்ஸில்தான். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கூட வந்ததில் ப்ளூடூத் கிடையாது. 2015இல் ஹெட்போன் துளையோடு வந்ததிலும் கிடையாது. 2016இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் கூட வந்ததிலிருந்துதான் ப்ளூடூத். பழையவை மைக்ரோசாஃப்டின் சொந்த வானொலி முறையில் மட்டும் பேசும், அது ப்ளூடூத்தின் காதில் விழாது.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. நடுவில் ஒளிரும் எக்ஸ்பாக்ஸ் பொத்தானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது கன்ட்ரோலரின் முகத்தோடு ஒரே துண்டாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. மேலே விரல் படும் தோள்பட்டைப் பொத்தான்களோடு சேர்ந்த தனித் துண்டாக, நடுவே ஒரு கோட்டோடு தெரிந்தால் ப்ளூடூத் இல்லை. சந்தேகம் தீரவில்லையா, செல் போடும் மூடியைக் கழற்றி உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணைப் படியுங்கள். 1537, 1697 என்றால் இல்லை. 1708, 1914 என்றால் உண்டு.

ப்ளூடூத் இல்லாததைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்கென்று மைக்ரோசாஃப்ட் விற்கும் எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டரைச் செருகினால் கம்பியில்லாமலே ஓடும், ஒரே அடாப்டரில் எட்டு கன்ட்ரோலர் வரை சேரும். கம்பி பரவாயில்லை என்றால் மைக்ரோ யுஎஸ்பி கேபிள் போதும். ஆனால் எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் கன்ட்ரோலர் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அதற்கென்று வரும் சார்ஜ் கேபிள் மின்சாரத்தை மட்டுமே கொண்டுபோகும். கணினியில் செருகி எத்தனை நாள் காத்திருந்தாலும் விளையாட முடியாது. அதற்குத் தனி ரிசீவர்தான் வேண்டும்.

நின்டெண்டோ ஸ்விட்சின் ப்ரோ கன்ட்ரோலரிலும் ஜாய்-கானிலும் ப்ளூடூத் இருக்கிறது. பெயர் கேட்டிராத நிறுவனங்களின் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் தங்கள் டாங்கிளோடு, அதாவது யுஎஸ்பி துளையில் செருகும் குட்டி ரிசீவரோடு, பெட்டியில் வருகின்றன. டாங்கிளைச் செருகினால் வேலை முடிந்தது. டாங்கிளைத் தொலைத்துவிட்டால், ப்ளூடூத்தும் சேர்ந்தே இருக்கிற வகையா என்று பெட்டியைப் பார்க்க வேண்டியதுதான்.

கணினியின் பக்கம்

மடிக்கணினிகளில் அநேகமாக ப்ளூடூத் உள்ளேயே இருக்கும். மேசைக் கணினிகளில், குறிப்பாக ஆபீசில் கழித்துவிட்டதை வாங்கி வந்தவற்றில், இருக்காது. கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'ப்ளூடூத்' என்ற தலைப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சில நூறு ரூபாயில் யுஎஸ்பி ப்ளூடூத் டாங்கிள் கிடைக்கும். ப்ளூடூத் பதிப்பு 4.0 அல்லது அதற்கு மேற்பட்டதாக வாங்குங்கள்.

அன்று மாலை நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கடையில் கிடந்த ஒரு டாங்கிளை எடுத்துச் செருகினேன். அட்டையில் பெரிய எழுத்தில் 5.0 என்று அச்சடித்திருந்தார்கள். கன்ட்ரோலரைக் கண்டுபிடித்தது, சேர்ந்தது, அரை நிமிடத்தில் விட்டுவிட்டது. மறுபடி சேர்ந்தது, மறுபடி விட்டது. கன்ட்ரோலரில்தான் கோளாறு என்று மருமகன் முகம் வாடிப் போனான். வேறொரு டாங்கிளை மாற்றிச் செருகியதும் பிடித்துக்கொண்டது. அட்டையில் அச்சடிக்கக் காசா பணமா?

இன்னொன்று. மடிக்கணினியில் உள்ள ப்ளூடூத் பலவீனமாக இருக்கிறதென்று டாங்கிள் வாங்கிச் செருகுபவர்கள், பழையதை டிவைஸ் மேனேஜரில் 'டிசேபிள்' செய்துவிட வேண்டும். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு ப்ளூடூத்தோடுதான் குடித்தனம் நடத்தும்.

ஜோடி சேர்த்தல்

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸைத் திறந்து 'ப்ளூடூத் அண்ட் டிவைசஸ்' பகுதிக்குப் போய், ப்ளூடூத் சுவிட்சைப் போட்டு, 'ஆட் டிவைஸ்' என்பதை அழுத்தி, வரும் பட்டியலில் முதலில் இருக்கும் 'ப்ளூடூத்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10இலும் இதே வழிதான், பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். கணினி தேட ஆரம்பித்த பிறகு கன்ட்ரோலரைக் கையில் எடுங்கள்.

டூயல்ஷாக் 4 முதலில் அணைந்திருக்க வேண்டும். எரிந்துகொண்டிருந்தால் நடுவில் உள்ள பிஎஸ் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். பழைய கன்சோல் பக்கத்தில் இருந்தால் அதன் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கன்ட்ரோலர் பழைய வீட்டுக்கே ஓடும். பிறகு இடது பக்கம் உள்ள 'ஷேர்' பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பிஎஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். சில விநாடி இரண்டையும் விடக்கூடாது.

மருமகன் பஸ்ஸிலிருந்து வந்ததும் பிஎஸ் பொத்தானை மட்டும்தான் அழுத்திக்கொண்டிருந்தான். முன்னால் உள்ள விளக்குப் பட்டை வெள்ளையாக மெதுவாக மின்னிவிட்டு அணைந்தது. அது துபாயில் இருக்கும் கன்சோலைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் ஓய்ந்து போவதன் அடையாளம். ஜோடி சேரத் தயாராக இருக்கும்போது விளக்கு வேறு மாதிரி துடிக்கும்: வேகமாக இரண்டு முறை, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு முறை. அந்தத் துடிப்பைக் கண்ணால் பார்த்த பிறகே விரலை எடுங்கள். கணினித் திரையில் 'வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்ற பெயர் வரும். பிளேஸ்டேஷன் என்றோ சோனி என்றோ வராது, அதைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். பெயரைத் தட்டினால் 'கனெக்டட்' என்று வந்து விளக்கு நிலைத்து எரியும்.

டூயல்சென்ஸிலும் இதேதான். 'ஷேர்' இருந்த இடத்தில் உள்ள பொத்தானின் பெயர் 'கிரியேட்' என்று மாறியிருக்கிறது, அவ்வளவே.

எக்ஸ்பாக்ஸில் நடுப் பொத்தானை அழுத்தி உயிர் கொடுத்துவிட்டு, மேல் விளிம்பில் கேபிள் துளைக்கு அருகில் உள்ள சின்ன 'பேர்' பொத்தானை மூன்று விநாடி பிடியுங்கள். நடுவிளக்கு வேகமாக மின்னும். நான் மேலே சொன்ன வயர்லெஸ் அடாப்டர் வைத்திருப்பவர்கள் அடாப்டரில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டு, கன்ட்ரோலரில் அதே 'பேர்' பொத்தானை அழுத்த வேண்டும். ஸ்விட்ச் ப்ரோவில் மேலே டைப்-சி துளைக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பொத்தான் உண்டு. ஜாய்-கானில் அது கன்சோலில் செருகும் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும்.

பட்டியலில் பெயரே வரவில்லையா? விண்டோஸ் 11இல் அதே பகுதியில் 'டிவைசஸ்' என்பதற்குள் 'ப்ளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி' என்று ஒன்று இருக்கிறது. அதை 'டிஃபால்ட்' என்பதிலிருந்து 'அட்வான்ஸ்டு' என்று மாற்றிவிட்டு மறுபடி தேடுங்கள். முன்பு ஒரு முறை சேர்த்த கன்ட்ரோலர் இப்போது சேர மறுத்தால், பட்டியலில் அதன் பழைய பெயரை 'ரிமூவ் டிவைஸ்' கொடுத்து நீக்கிவிட்டுத் தொடக்கத்திலிருந்து வாருங்கள். அதற்கும் மசியாத டூயல்ஷாக் 4-இன் பின்புறம், எல்2 பொத்தான் பக்கம், ஒரு சிறிய ஓட்டை இருக்கும். ஊக்கின் முனையை விட்டு ஐந்து விநாடி அழுத்தினால் பழைய நினைவுகளை மறந்துவிடும்.

பொத்தான் எல்லாம் வேலை செய்கிறதா?

விளையாட்டைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, சி, பி, எல் என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். இணைந்துள்ள கன்ட்ரோலர்களின் பட்டியல் வரும். உங்களுடையதைத் தேர்ந்தெடுத்து 'ப்ராப்பர்ட்டீஸ்' கொடுத்தால், பொத்தானை அழுத்த அழுத்தச் சிவப்பு வட்டங்கள் எரிவதைப் பார்க்கலாம். ஸ்டிக்கை விட்ட பிறகும் குறி நடுவுக்குத் திரும்பாமல் ஓரமாக நின்றால் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பழைய கன்ட்ரோலரை விலைக்கு வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு காட்சியைக் கண்டு பயப்படுவார்கள். இடது ட்ரிகரை (பின்புறம் ஆள்காட்டி விரலால் இழுக்கும் பொத்தான்) அழுத்தினால் கோடு ஒரு பக்கம் போகும், வலதை அழுத்தினால் மறுபக்கம் போகும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அசையாமல் நடுவில் நிற்கும். தராசில் இரண்டு தட்டிலும் ஒரே எடைக் கல்லை வைத்த மாதிரி. கன்ட்ரோலரில் குற்றமில்லை. இந்தச் சோதனைப் பெட்டி பேசுவது டைரக்ட்இன்புட் என்ற பழைய முறை. அதன் வழியாகப் பார்க்கும்போது எக்ஸ்பாக்ஸின் இரண்டு ட்ரிகர்களும் ஒரே அச்சில் சேர்ந்து தெரியும். விளையாட்டுக்குள் போனால் தனித்தனியாகவே இயங்கும். "அண்ணாச்சி, பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒட்டிக்கொண்டது" என்று சொல்லி ஒருவர் என் கடைக்கு நல்ல கன்ட்ரோலரைப் பிரிக்கக் கொண்டுவந்தார். பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன்.

கேஜ் மாற்றம்

சோதனையில் எல்லாம் எரிகிறது, விளையாட்டில் எதுவும் நடக்கவில்லை. மருமகனும் நானும் மாலை ஐந்து மணிக்கு நின்ற இடம் இதுதான். கார் பந்தயம் திரையில் தயாராக நிற்கிறது, கன்ட்ரோலரை எவ்வளவு அழுத்தினாலும் கார் நகரவில்லை.

2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 காலத்திலிருந்து விண்டோஸ் விளையாட்டுகள் எக்ஸ்இன்புட் என்ற முறையை எதிர்பார்க்கப் பழகிவிட்டன. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு அது தாய்மொழி. பிளேஸ்டேஷன், நின்டெண்டோ கன்ட்ரோலர்கள் அதைப் பேசுவதில்லை. சில புதிய விளையாட்டுகள் டூயல்சென்ஸை நேரடியாகவே புரிந்துகொள்கின்றன, மற்றவற்றுக்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எக்ஸ்பாக்ஸ்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

நான் முதலில் சொல்வது ஸ்டீம், கணினி விளையாட்டுகளை வாங்கித் திறக்க உதவும் மென்பொருள். அதன் செட்டிங்ஸில் 'கன்ட்ரோலர்' பகுதிக்குப் போனால் உங்கள் கன்ட்ரோலரின் பெயர் தெரியும். பிளேஸ்டேஷனுக்கு ஒன்று, ஸ்விட்ச் ப்ரோவுக்கு ஒன்று என்று ஸ்டீம் இன்புட்டை இயக்கும் சுவிட்சுகள் அங்கே இருக்கும். உங்களுடையதைப் போடுங்கள். இனி ஸ்டீமிலிருந்து திறக்கும் விளையாட்டுகளுக்கு, வந்திருப்பது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் என்றே தோன்றும். ஸ்டீமில் வாங்காத விளையாட்டையும் 'நான்-ஸ்டீம் கேம்' என்று அதன் பட்டியலில் சேர்த்து அங்கிருந்தே திறக்கலாம். எங்கள் காரை நகர வைத்தது இந்த வழிதான்.

ஸ்டீமே வேண்டாம் என்பவர்கள் டிஎஸ்4விண்டோஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுகிறார்கள். டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் இரண்டையும் எக்ஸ்பாக்ஸ் போலக் காட்டும். இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகப் போகும், மெனுவில் ஒரு படி இறங்க நினைத்தால் இரண்டு படி தாவும். கன்ட்ரோலர் பழுது என்று வரும் புகார்களில் இதையும் பார்க்கிறேன்.

மொழிபெயர்ப்பு வந்த பிறகு திரையில் ஏ, பி, எக்ஸ், ஒய் என்று காட்டும், கையில் வட்டமும் சதுரமும் இருக்கும். பிளேஸ்டேஷனில் பெருக்கல் குறி ஏ-க்குச் சமம், வட்டம் பி, சதுரம் எக்ஸ், முக்கோணம் ஒய். நின்டெண்டோவில் எழுத்துகள் இருந்தாலும் ஏ-யும் பி-யும் இடம் மாறி இருக்கும், எக்ஸும் ஒய்யும் அப்படியே. இரண்டு நாளில் விரல் பழகிவிடும்.

டூயல்சென்ஸ் வாங்கியவர்களுக்கு ஒரு சொல். ட்ரிகர் இறுகுவது, உள்ளங்கையில் மழைத்துளி விழுவது போன்ற நுட்பமான அதிர்வு ஆகியவற்றுக்காக அதை வாங்கியிருந்தால், கணினியில் டைப்-சி கேபிள் போட்டு விளையாடுங்கள். அவற்றை ஆதரிக்கும் பல விளையாட்டுகள் கேபிள் வழியாகத்தான் அவற்றை முழுதாகத் தருகின்றன.

விட்டு விட்டு வருகிறதா?

ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன. வைஃபை ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் கணினியை அதற்கு மாற்றிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய குற்றவாளி கணினியின் பின்புறத்தில் இருக்கிறது. நீல நிற யுஎஸ்பி 3.0 துளைகளில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது எழும் இரைச்சல் சரியாக இந்த அலைவரிசையில் விழுகிறது. டாங்கிளை அதற்குப் பக்கத்தில் செருகினால், மிளகாய் அரைக்கும் மில்லில் நின்று ரகசியம் பேசுகிற கதை. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, டாங்கிளை மேசைமேல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள்.

தென்காசிப் பக்கத்து வீடு ஒன்றில் தினமும் ஒரே நேரத்தில் கன்ட்ரோலர் திணறுகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், கணினிக்கும் கட்டிலுக்கும் நடுவில் இரும்பு பீரோ. பையன் நாற்காலியில் இருக்கும்வரை சரியாக இருக்கிறது, கட்டிலில் சாய்ந்ததும் திணறுகிறது. டாங்கிளை நீட்டிப்புக் கேபிளில் ஜன்னல் பக்கம் கொண்டுபோனதும் தீர்ந்தது.

சும்மா இருக்கும்போது கணினியே டாங்கிளை அணைத்துவிடுவதும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத்தின் 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'பவர் மேனேஜ்மென்ட்', அங்கே மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ஓடுவது சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே டபுள் ஏ செல் இரண்டில். செல் தளர்ந்தாலும் இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஆகவே மென்பொருளை நோண்டும் முன் புது செல் போட்டுப் பாருங்கள்.

கேபிள் போட்டாலும் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். செல்போனுக்குக் கிடைக்கும் மலிவான கேபிள் சிலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பி மட்டும்தான், தகவலுக்கான இரண்டு கம்பி இருக்காது. அதே கேபிளில் செல்போனைச் செருகிப் பாருங்கள். போனில் உள்ள படங்களைக் கணினியில் திறக்க முடியவில்லை என்றால் அது வெறும் சார்ஜ் கேபிள்.

லினக்ஸ், மேக்

மேக்கில் சொல்ல அதிகமில்லை. 2019இல் வந்த கேடலினா என்ற மேக் பதிப்பிலிருந்து டூயல்ஷாக் 4, ப்ளூடூத் உள்ள எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இரண்டும் ப்ளூடூத் பட்டியலில் சேர்ந்தால் போதும்.

லினக்ஸில் டூயல்சென்ஸுக்கான டிரைவர் 5.12 கெர்னலிலிருந்தும் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி), ஸ்விட்ச் ப்ரோவுக்கானது 5.16 கெர்னலிலிருந்தும் உள்ளேயே இருக்கிறது. எக்ஸ்பாக்ஸை ப்ளூடூத்தில் இணைப்பவர்கள் எக்ஸ்பேட்நியோ என்ற டிரைவரைச் சேர்த்துக்கொண்டால் அதிர்வும் ஒழுங்காக வரும். கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் ஜோடி சேர்ப்பவர்கள் 'பேர்', 'கனெக்ட்' கொடுத்துவிட்டு நடுவில் உள்ள 'ட்ரஸ்ட்' கட்டளையை மறந்துவிடுகிறார்கள். அதைக் கொடுக்காவிட்டால் இன்று சேர்ந்த கன்ட்ரோலர் நாளை பழையபடி சேர மறுக்கலாம்.

திரும்பக் கன்சோலுக்கு

டூயல்ஷாக் 4 ஒரு நேரத்தில் ஒரு எஜமானரை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். கணினியோடு சேர்ந்த கணத்தில் பழைய கன்சோலை மறந்துவிடும். திரும்பச் சேர்க்கக் கேபிளைக் கன்சோலில் செருகிப் பிஎஸ் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும். 2020இலிருந்து வரும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இன்னும் சாமர்த்தியம், கன்சோலையும் ஒரு ப்ளூடூத் கருவியையும் சேர்த்தே நினைவில் வைத்து, 'பேர்' பொத்தானை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் மாறிக்கொள்ளும்.

இதைச் சொன்னதும் மருமகன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். "சித்தப்பா அடுத்த வருடம் கன்சோலைக் கொண்டுவந்தால் திட்டுவாரா மாமா?" என்றான். கடை அலமாரியிலிருந்து தகவல் கம்பி உள்ள மைக்ரோ யுஎஸ்பி கேபிள் ஒன்றை எடுத்து, ஈரம் காயாத அந்தப் பையிலேயே போட்டுக் கொடுத்தேன். கடைசி புனலூர் பஸ் புறப்பட இன்னும் கால் மணி நேரம் இருந்தது.